எஃப்.ஐ. பைக்கில் இழுவை போனால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு இந்தியாவில் விற்கும் புது பைக்குகள் ஏறக்குறைய எல்லாமே எஃப்.ஐ. (ஃபியூயல் இன்ஜெக்ஷன், கார்பரேட்டருக்குப் பதில் பெட்ரோலை எலக்ட்ரானிக் முறையில் தெளிப்பது) ஆகிவிட்டன. அதிலிருந்து ஓயாமல் வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். 100 முதல் 400 சிசி வரை உள்ள ஒற்றை சிலிண்டர் வண்டிகளை மனதில் வைத்து எழுதியது. மல்டிமீட்டர், பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (சின்ன இடைவெளியை அளக்கும் தகடுகள்) மூன்றும் கையில் இருந்தால் பாதிக்கு மேல் வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். கொடுத்திருக்கும் அளவுகள் பொதுவானவை. உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகம் வேறு அளவு சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

1. கார்பரேட்டர் வண்டி பார்த்த மாதிரியே இதையும் பார்க்கக் கூடாதா? அப்படி என்ன மாறிப்போச்சு?

கார்பரேட்டரில் காற்று போகிற வேகமே பெட்ரோலை உறிஞ்சியது. எஃப்.ஐ.யில் பம்ப் பெட்ரோலை ஒரே அழுத்தத்தில் நிறுத்திவைக்கிறது. பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை இசியூ, அதாவது வண்டியின் குட்டிக் கம்ப்யூட்டர், கணக்குப் போட்டுச் சொல்கிறது. ஐடிலிங்கில் அந்த நேரம் 2 மில்லி செகண்ட் சுற்றித்தான் இருக்கும். கணக்குக்கு வேண்டிய தகவலைக் கொடுப்பவை சென்சார்கள்: கிராங்க் எங்கே இருக்கிறது, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, இன்டேக்கில் (காற்று உள்ளே போகும் வழியில்) அழுத்தம் என்ன, காற்றும் இன்ஜினும் எவ்வளவு சூடு, சைலன்சரில் மிச்ச ஆக்சிஜன் எவ்வளவு.

இசியூ எதையும் நேரில் பார்ப்பதில்லை. சென்சார் சொன்னதை நம்புகிறது. பம்ப் அழுத்தம் சரியாக இருக்கிறது, பிளக் சரியாக எரிக்கிறது, வால்வு சரியாக மூடுகிறது என்றும் எடுத்துக்கொள்கிறது. இதில் எது பொய்யானாலும் இழுவை போகும். பழுது பார்ப்பது என்றால் பொய் எங்கே என்று அளந்து கண்டுபிடிப்பதுதான். ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பது கார்பரேட்டர் காலத்தில் கட்டுப்படியாகியிருக்கலாம், இதில் ஆகாது.

2. பிக்கப் சுத்தமா இல்ல. முதல்ல எதைத் தொடணும்?

இன்ஜினைத் தொடாதீர்கள். "இழுவை இல்லை" என்று வரும் வண்டிகளில் நிறைய இன்ஜின் நன்றாகவே இருக்கும். சென்டர் ஸ்டாண்டில் போட்டு பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பிரேக் உரசினால் ஒரு சுற்றுக்குள் நின்றுவிடும். முன் சக்கரத்தையும் தூக்கிப் பாருங்கள். டயர் காற்று, செயின் டைட் இரண்டையும் பாருங்கள்.

அடுத்தது கிளட்ச். டாப் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரை முழுசாக முறுக்குங்கள். ஆர்பிஎம் எகிறி வேகம் ஏறாமல் இருந்தால் கிளட்ச் சறுக்குகிறது. ஆர்பிஎம்மும் ஏறவில்லை, வண்டியும் திணறுகிறது என்றால்தான் இன்ஜின் பக்கம் வர வேண்டும். கிளட்ச் கேபிளில் ஃபிரீ பிளே இல்லாமல் இறுக்கிவைத்தாலும், கார் ஆயில் ஊற்றினாலும் சறுக்கல் வரும். டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்ட ஆயில்தான் ஆயிலில் நனையும் கிளட்சுக்கு ஏற்றது.

3. செக் லைட் எரியவே இல்லையே. அப்போ எஃப்.ஐ.ல பிரச்சினை இல்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. பெரும்பாலும் சென்சாரின் வோல்டேஜ் நடக்கவே முடியாத எல்லைக்குப் போனால்தான் லைட் எரியும். நம்பும்படியான பொய்க்கு எரியாது. இன்ஜின் டெம்பரேச்சர் சென்சார் 95 டிகிரி இருக்கும்போது 40 என்று சொல்கிறது என்று வையுங்கள். 40 டிகிரி நடக்கக்கூடியதுதானே? இசியூ நம்பி, குளிர்ந்த இன்ஜினுக்குக் கொடுப்பதுபோல் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். லைட் எரியாது, மைலேஜ் விழும், சூடான பிறகு வண்டி மந்தமாகும். அழுத்தம் குறைந்த பம்ப், டைட்டான டேப்பெட் (வால்வின் இடைவெளி), அடைத்த ஏர் ஃபில்டர் இவற்றுக்கென்று நிறைய வண்டிகளில் சென்சாரே கிடையாது.

இதைப் பிடிக்க நல்ல நேரம் காலை, ராத்திரி முழுக்க நின்ற வண்டியில். இசியூவில் இருப்பதைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி, கீ மட்டும் போட்டு, ஸ்டார்ட் செய்யாமல் லைவ் டேட்டாவை, அதாவது சென்சார்கள் அந்த நேரத்தில் சொல்லும் அளவுகளைப் பாருங்கள். இன்ஜின் டெம்பரேச்சரும் காற்றின் டெம்பரேச்சரும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். 10 டிகிரி விலகினால் ஒன்று பொய் சொல்கிறது. த்ராட்டில் 0 சதவீதம். இன்டேக் அழுத்தம் சென்னையில் 100 கிலோபாஸ்கல் சுற்றி. இரண்டு நிமிட வேலை. முடிந்ததும் நான்கு சென்சாரைப் பற்றித் தெரிந்துவிடும்.

4. லைட் எரியுது. ஸ்கேனர் இல்லாம கோடு எடுக்க வழி இருக்கா?

சில வண்டிகளில் உண்டு. கோடு என்பது இசியூ பதிந்துவைக்கும் பழுதின் எண். பல ஹோண்டா மாடல்களில் லைட்டே மினுக்கிச் சொல்லும்: நீளமாக ஒரு மினுக்கு 10, குட்டையாக ஒன்று 1. 7 என்றால் இன்ஜின் டெம்பரேச்சர், 8 த்ராட்டில் பொசிஷன், 9 காற்று டெம்பரேச்சர், 12 இன்ஜெக்டர், 21 ஆக்சிஜன் சென்சார். மற்ற பல பிஎஸ்6 வண்டிகளில் சீட்டுக்கு அடியிலோ பேட்டரி பக்கத்திலோ 6 பின் கனெக்டர் இருக்கும். அதற்கான கேபிளும் ப்ளூடூத் அடாப்டரும் ஆன்லைனில் கிடைக்கின்றன. ஆனால் எல்லா மாடலும் அவற்றோடு பேசாது, வாங்கும் முன் உங்கள் மாடலுக்கு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடிக்கடி வருபவை: பி0107, பி0108 இன்டேக் அழுத்தம், பி0112, பி0113 காற்று டெம்பரேச்சர், பி0117, பி0118 இன்ஜின் டெம்பரேச்சர், பி0122, பி0123 த்ராட்டில் பொசிஷன், பி0201 இன்ஜெக்டர், பி0335 கிராங்க் சென்சார், பி0562 வோல்டேஜ் குறைவு. எழுதிவைத்துக்கொண்டு அழியுங்கள், ஓட்டுங்கள். திரும்பி வருகிற கோடு மட்டுமே இன்றைய பிரச்சினை. முன்பு யாரோ கீ ஆனில் கனெக்டரைக் கழற்றியதால் பதிவான கோடும் உள்ளே கிடக்கும்.

5. பி0113 வந்துச்சு. சென்சார் மாத்திட்டேன். மறுபடியும் அதே கோடு. ஏன்?

கோடு ஒரு சர்க்யூட்டைச் சொல்கிறது, பாகத்தை அல்ல. சென்சார், கனெக்டர், ஒயர், இசியூ நான்கும் சேர்ந்தது அந்த சர்க்யூட். பி0113 என்றால் சிக்னல் வோல்டேஜ் மிக அதிகம், அதாவது பாதை எங்கோ அறுந்திருக்கிறது. லைவ் டேட்டாவில் மைனஸ் 40 டிகிரி மாதிரி காட்டினால் அது உறுதி.

கனெக்டரைக் கழற்றி, சிக்னல் பின்னையும் எர்த் பின்னையும் ஒரு சின்ன ஒயரால் இணைத்துவிட்டு கீ போடுங்கள். காட்டும் டெம்பரேச்சர் 100-ஐத் தாண்டி எகிறினால் ஒயரும் இசியூவும் நலம், பழுது சென்சாரில். அசையாமல் மைனஸ் 40-லேயே நின்றால் ஒயர் அறுந்திருக்கிறது. எந்த பின் எது என்று ஒயரிங் படம் பார்த்த பிறகே இதைச் செய்யுங்கள். சென்சாருக்கு 5 வோல்ட் சப்ளை கொடுக்கும் பின்னை எர்த்தோடு இணைத்துவிடக் கூடாது.

ஒயர் என்று தெரிந்தால் கனெக்டரை வெயிலில் பிடித்து உள்ளே பாருங்கள். நல்ல பின் மங்கலான வெள்ளியாக இருக்கும். தண்ணீர் புகுந்தது பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். பூப்பு இல்லாவிட்டாலும் பின் ஒன்று மட்டும் கொஞ்சம் பின்னால் தள்ளிப்போய் உட்கார்ந்திருக்கலாம், சொருகும்போது எதிரே உள்ள பின்னைத் தொடாமலே "டிக்" என்று பூட்டிக்கொள்ளும். ஹேண்டில் திரும்பும் இடத்தில், டாங்குக்கு அடியில் ஒயர் வளைகிற இடத்தில், மேல் உறை நன்றாக இருந்து உள்ளே செம்பு மட்டும் அறுந்திருப்பதும் உண்டு. அங்கே மெதுவாக இழுத்துப் பார்த்தால் நல்ல ஒயர் நீளாது, அறுந்தது ரப்பர் மாதிரி நீளும்.

6. செல்ஃப் நல்லா எடுக்குது. அப்புறம் பேட்டரிக்கும் இழுவைக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. வோல்டேஜ் குறைந்தால் பம்ப் மெதுவாகச் சுற்றும், இன்ஜெக்டர் திறக்க அதிக நேரம் எடுக்கும், காயில் முழுசாகச் சார்ஜ் ஆகாது. கார்பரேட்டர் வண்டி செத்த பேட்டரியோடு கிக்கரில் ஓடும். எஃப்.ஐ.யில் பம்புக்கும் இசியூவுக்கும் கரண்ட் இல்லாவிட்டால் எவ்வளவு தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது.

ராத்திரி நின்ற வண்டியில் 12.6 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழே விழக் கூடாது. 4,000 முதல் 5,000 ஆர்பிஎம்மில் 13.8 முதல் 14.5. அதற்கு மேல் போனால் ரெகுலேட்டர், ஏறவே இல்லையென்றால் ஸ்டேட்டர் காயில் (கரண்ட் உண்டாக்குவது) அல்லது ரெகுலேட்டர். பிறகு எர்த்: இன்ஜின் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மற்றதை இன்ஜின் உலோகத்திலும் வையுங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி, தேய்த்து, இறுக்குங்கள்.

7. கீ போட்டா வர்ற "உய்ங்"ன்ற சத்தம் வரல.

அது பம்ப் அழுத்தம் கட்டும் சத்தம், 2 அல்லது 3 செகண்ட் வரும். வராவிட்டால் முதலில் கில் சுவிட்ச், ஃபியூஸ், ரிலே. வண்டி கீழே விழுந்திருந்தால் சாய்வு சென்சார் பம்பை நிறுத்தியிருக்கும். நிமிர்த்தி, கீயை ஆஃப் செய்து மறுபடி போடுங்கள். எல்லாம் சரியென்றால் பம்ப் கனெக்டரில் மீட்டர் வைத்துக் கீ போடுங்கள். அந்த 2 செகண்டுக்குள் பேட்டரி வோல்டேஜ் வந்து, எர்த் ஒயரும் நன்றாக இருந்து, பம்ப் சத்தம் போடாவிட்டால் பம்ப் போய்விட்டது.

எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுகிறவர்களுக்குப் பம்ப் சீக்கிரம் போகும். பம்பைக் குளிர்விப்பது அதைச் சுற்றி நிற்கும் பெட்ரோல்தான்.

8. பம்ப் சத்தம் நல்லாத்தான் வருது. ஆனா 70க்கு மேல வண்டி ஏற மாட்டேங்குது, திணறுது.

சத்தம் வருவது பம்ப் சுற்றுகிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. எவ்வளவு அழுத்தம் என்று கேஜ் வைத்தால்தான் தெரியும். இந்தியாவில் ஓடும் சிறிய எஃப்.ஐ. வண்டிகளில் இது பெரும்பாலும் 2.5 முதல் 3.5 பார். அழுத்தம் 3-லிருந்து 2 பாருக்கு இறங்கினால், இன்ஜெக்டர் அதே நேரம் திறந்தாலும் 18 சதவீதம் பெட்ரோல் குறையும். ஐடிலிங்கில் ஆக்சிஜன் சென்சார் பார்த்து இசியூ அதைச் சரிக்கட்டிவிடும். முழுசாக முறுக்கும்போது இசியூ பொதுவாக அந்தச் சென்சாரைக் கேட்பதில்லை, அதனால் பற்றாக்குறை அங்கேதான் வெளியே தெரியும்.

வெளியே, நெருப்பு இல்லாத இடத்தில் செய்யுங்கள். பம்ப் கனெக்டரைக் கழற்றி, இன்ஜினை ஸ்டார்ட் செய்து, தானாக நிற்கும்வரை விடுங்கள். லைனில் அழுத்தம் இறங்கிவிடும். துணி சுற்றி ஹோஸைக் கழற்றி, டி ஜாயிண்டோடு கேஜை மாட்டுங்கள். கனெக்டரைத் திரும்பச் சொருகி, கீ போட்டதும் ஒரு முறை, ஐடிலிங்கில் ஒரு முறை, வேகமாக முறுக்கி ஒரு முறை அளவு குறியுங்கள்.

எப்போதுமே குறைவு என்றால் பம்ப் அல்லது பெட்ரோல் அழுத்த ரெகுலேட்டர். ஐடிலிங்கில் சரி, முறுக்கினால் விழுகிறது என்றால் ஸ்ட்ரெய்னர் (பம்பின் வாயில் உள்ள வலை) அல்லது ஃபில்டர் அடைப்பு, இல்லாவிட்டால் பம்ப் தேய்மானம். அதைத் தீர்மானிக்கும் முன் பம்ப் கனெக்டரில் வோல்டேஜும் பாருங்கள். பேட்டரியைவிட 1 வோல்ட் குறைந்தால் குற்றம் ஒயரில். இன்ஜினை நிறுத்தியதும் அழுத்தம் சில செகண்டில் பூஜ்யத்துக்குப் போனால் பம்பின் செக் வால்வு பிடிக்கவில்லை, அல்லது இன்ஜெக்டர் ஒழுகுகிறது. அப்படிப்பட்ட வண்டி சூட்டில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும்.

9. பெட்ரோல்ல தண்ணி கலந்துடுச்சுன்னா எப்படித் தெரியும்? ஈ20 போட்டதுல இருந்துதான் இப்படி இருக்கு.

ஈ20-இல் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். பம்பின் வாய் இருப்பதும் அடியில்தான். மழைக்கால ஓட்டத்துக்குப் பிறகோ, பெட்ரோல் போட்ட சில கிலோமீட்டரிலோ திடீரென்று மிஸ் அடிக்க ஆரம்பித்தால் இதைச் சந்தேகியுங்கள். டாங்கின் அடியிலிருந்து அரை லிட்டர் எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் ஒரு மணி நேரம் வையுங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்தால் டாங்கை முழுக்கக் காலி செய்து, துடைத்து, ஸ்ட்ரெய்னரையும் பாருங்கள். அதன்மேல் புதுப் பெட்ரோல் ஊற்றிச் சரிசெய்ய முடியாது.

ஈ20-க்கு என்று வடிவமைக்காத பழைய வண்டியில் ரப்பர் பாகங்கள் இறுகலாம், ஊறலாம். மைலேஜ் சிறிது குறைவது ஈ20-இன் இயல்பு, ஏனென்றால் எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் சக்தி குறைவு. மூன்றில் ஒரு பங்கு மைலேஜ் போய்விட்டதென்றால் அதை ஈ20 மேல் போடாதீர்கள்; 16-ஆம் கேள்வியைப் பாருங்கள்.

10. போற இடத்துல எல்லாம் இன்ஜெக்டர் கிளீனிங் பண்ணச் சொல்றாங்க. பண்ணலாமா?

அழுத்தத்தை அளந்த பிறகு செய்யலாம். அளக்காமல் செய்வது காசைக் கரைப்பது. இன்ஜெக்டரின் இரண்டு பின்னுக்கு நடுவே பெரும்பாலும் 10 முதல் 15 ஓம் காட்டும். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை அதன்மேல் வைத்துப் பிடியில் காதை வைத்தால் "டக் டக்" என்று சீராகக் கேட்கும். சத்தம் இருந்து, அழுத்தம் சரியாக இருந்து, வண்டி பெட்ரோல் பற்றாமல் திணறினால் இன்ஜெக்டரைக் கழற்றி அல்ட்ராசோனிக் கிளீனிங்குக்குக் கொடுங்கள். கிளீனிங்குக்கு முன்னும் பின்னும் ஸ்ப்ரே எப்படி வருகிறது, எவ்வளவு வருகிறது என்று பெஞ்சில் காட்டச் சொல்லுங்கள். காட்டாதவர்களிடம் கொடுக்க வேண்டாம். திரும்ப மாட்டும்போது புது ஓ-ரிங் போட வேண்டும். இன்ஜெக்டருக்கு நேராகப் பேட்டரி கரண்ட் கொடுத்துத் திறக்கப் பார்க்காதீர்கள், காயில் எரியலாம்.

11. ஏர் ஃபில்டர் அடைச்சா கறுப்புப் புகை வரணுமே? புகையே இல்ல, ஆனா இழுக்கல.

கறுப்புப் புகை கார்பரேட்டர் கணக்கு. இன்டேக் அழுத்தத்தை அளந்து பெட்ரோல் கொடுக்கும் எஃப்.ஐ.யில் காற்று குறைந்தால் அழுத்தமும் குறையும், பெட்ரோலும் அதே அளவு குறையும். கலவை சரியாகவே இருக்கும், மொத்தச் சரக்குதான் குறைவு. அதனால் புகை இல்லாமல், மிஸ் இல்லாமல், மேல் ஆர்பிஎம்மில் மட்டும் வண்டி களைத்துப் போகும். ஆயில் பூசிய பேப்பர் ஃபில்டரைக் காற்றடித்துத் திரும்பப் போடாதீர்கள், மாற்றுங்கள். செங்கல் சூளை, குவாரி, மண் ரோடு பக்கம் ஓடும் வண்டிக்குப் புத்தகத்தில் போட்ட கிலோமீட்டரில் பாதியிலேயே மாற்ற வேண்டும்.

12. ஐடிலிங் நிக்க மாட்டேங்குது, சிக்னல்ல ஆஃப் ஆகுது. ஸ்க்ரூவைத் திருப்பி ஏத்திட்டா போதாதா?

அந்த ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். கம்பெனியில் பெயிண்ட் வைத்துப் பூட்டியது அது. திருப்பினால் த்ராட்டில் பூஜ்யம் எங்கே என்று இசியூவுக்குக் குழப்பமாகும், பிறகு ஐடிலிங் எங்கும் நிற்காது. எஃப்.ஐ.யில் ஐடிலிங்கைப் பிடித்து வைப்பது ஐடில் ஏர் வால்வு. அதன் வழியிலும் த்ராட்டில் தகட்டின் ஓரத்திலும் கரி படிந்தால் காற்று பற்றாமல் ஆஃப் ஆகும். துணியில் கிளீனர் நனைத்துத் துடையுங்கள். சில த்ராட்டில் பாடிகளில் உள்பக்கம் பூச்சு இருக்கும், நேராக ஸ்ப்ரே அடித்து பிரஷ் போட்டால் பூச்சு போய்விடும். முடித்ததும் உங்கள் மாடலுக்கான ரீசெட்டைச் செய்யுங்கள்.

ஐடிலிங் விழாமல் ஏறி ஏறி இறங்கினால் வெளிக்காற்று புகுகிறதா என்று பாருங்கள். த்ராட்டில் பாடிக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள ரப்பரை வளைத்தால் மடிப்பில் விரிசல் தெரியும். இன்ஜின் ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்து, அந்த ஜாயிண்டில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். ஐடிலிங் மாறினால் ஓட்டை அங்கேதான். துடைத்தும் காற்று நிறுத்தியும் சூட்டில் ஆஃப் ஆனால் டேப்பெட், அது 18-இல்.

13. ஒரே ஒரு இடத்துல மட்டும் வெட்டுது. அதைத் தாண்டினா சூப்பரா போகுது.

த்ராட்டில் பொசிஷன் சென்சாரை முதலில் சந்தேகியுங்கள். தினமும் ஒரே வேகத்தில் போகிறவர்களுக்கு அந்தக் கோணத்தில் சென்சாரின் உள்தடம் தேயும். சிக்னல் ஒயரில் மீட்டர் வைத்து ஆக்சிலேட்டரை மிக மெதுவாக முறுக்குங்கள். மூடியபோது 0.5 வோல்ட் சுற்றி ஆரம்பித்து, முழுசாகத் திறந்தால் 4 வோல்ட் சுற்றி முடிய வேண்டும். நடுவில் எங்கும் தாவக் கூடாது, திரும்பக் கூடாது. முள் மீட்டர் இருந்தால் இதற்கு டிஜிட்டலைவிட நல்லது, நொடிப்பொழுது துள்ளலும் கண்ணில் படும். காந்த வகை சென்சாரில் இந்தத் தேய்மானம் வராது, அப்போது கனெக்டரைப் பாருங்கள்.

14. அரை மணி நேரம் ஓடினா ஆஃப் ஆயிடுது. 20 நிமிஷம் நிறுத்தினா மறுபடி ஸ்டார்ட் ஆகுது.

நின்ற நிமிடத்திலேயே சோதிக்க வேண்டிய பழுது இது. ஆறின பிறகு மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். நின்றதும் டாங்க் மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்து, உடனே ஸ்டார்ட் ஆனால் டாங்கின் காற்று வழியோ கேனிஸ்டர் (பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் டப்பா) ஹோஸோ அடைப்பு. அது இல்லையென்றால் கீ போட்டு பம்ப் சத்தம் கேளுங்கள். சத்தம் இல்லையென்றால் ஏழாம் கேள்வி.

பம்ப் ஓடுகிறது, ஸ்பார்க் இல்லை என்றால் கிராங்க் சென்சார், அதாவது பல்சர் காயில், இல்லாவிட்டால் இக்னிஷன் காயில். சூட்டில் உள்ளே கம்பி விரிந்து தொடர்பு விடும். செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் ஆர்பிஎம் 0 என்று நின்றால் பல்சர் காயில் பக்கம் போங்கள். ஆர்பிஎம் வந்து ஸ்பார்க் வராவிட்டால் இக்னிஷன் காயில். ஸ்பார்க் பார்க்கும்போது பிளக் உலோகம் ஹெட்டைத் தொட்டிருக்க வேண்டும். காற்றில் தொங்கவிட்டு அடித்தால் காயிலோ இசியூவோ போகலாம்.

15. வாட்டர் வாஷ் பண்ணதுல இருந்து மிஸ் அடிக்குது.

பிளக் கேப்புக்குள்ளும் பிளக் குழியிலும் தண்ணீர் நிற்கும். குழியின் வடிகால் துளையைக் கம்பியால் குத்திவிட்டு உலர்த்துங்கள். இருட்டில் இன்ஜினை ஓட்டிப் பார்த்தால் கேப்பின் விரிசலில் நீலப் பொறி தாவுவது தெரியும். மாற்றும்போது எண்ணில் ஆர் எழுத்து உள்ள ரெசிஸ்டர் பிளக்கே போடுங்கள். சாதா பிளக்கின் மின் இரைச்சல் இசியூவைக் குழப்பும், அப்போது இல்லாத பழுதெல்லாம் காட்டும். இடைவெளி பெரும்பாலும் 0.7 முதல் 0.9 மில்லிமீட்டர். பிறகு கனெக்டர்களை ஐந்தாம் பதிலில் சொன்னபடி பாருங்கள்.

16. 45 கொடுத்துட்டு இருந்த வண்டி 30க்கு வந்துடுச்சு. லைட்டும் எரியல.

பிளக்கைக் கழற்றுங்கள். கறுப்பாக, பஞ்சுபோல உலர்ந்த கரி இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. மூன்றாம் பதிலில் சொன்ன டெம்பரேச்சர் சென்சார் முதல் சந்தேகம். அடுத்தது ஆக்சிஜன் சென்சார்: சூடான இன்ஜினில் 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே ஓயாமல் ஆட வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் சென்சாரோ அதன் ஒயரோ பழுதாக இருக்கலாம்.

சென்சாரை மாற்றும் முன் ஹெட்டுக்கும் சென்சாருக்கும் நடுவே சைலன்சர் ஒழுகுகிறதா என்று பாருங்கள். நிறைய பேர் தவறவிடுவது இது. அந்த ஓட்டையில் புகை வெளியே போவதோடு ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் வெளிக்காற்று உள்ளேயும் போகும். சென்சார் "ஆக்சிஜன் நிறைய இருக்கிறது" என்று உண்மையைத்தான் சொல்லும், இசியூ அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். ஹெட்டில் சைலன்சர் பைப் பொருந்தும் இடத்தில் கறுப்புக் கரிக்கோடு இருந்தால் கேஸ்கெட்டை மாற்றுங்கள். நூறு ரூபாய் கேஸ்கெட்டுக்குப் பதிலாகச் சில ஆயிரம் ரூபாய் சென்சாரை மாற்றி ஏமாறுகிறவர்கள் உண்டு.

டாங்கை விளிம்புவரை நிரப்பும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். பிஎஸ்6 வண்டியில் பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரிக் கேனிஸ்டருக்குள் பெட்ரோலே இறங்கிவிடும்.

17. ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் போட்டேன். சத்தம் கூடுச்சு, இழுவை குறைஞ்சுடுச்சு.

எதிர்பார்க்க வேண்டியதுதான். கீழ் ஆர்பிஎம்மின் இழுவை பைப்பின் நீளம், விட்டம் இரண்டோடும் கணக்கிட்டுச் செய்தது. எட்டாம் பதிலில் சொன்னபடி, முழுசாக முறுக்கும்போது இசியூ தன் பழைய கணக்கிலேயே பெட்ரோல் கொடுக்கும். ஆக்சிஜன் சென்சாரை மாட்ட இடமில்லாமல் தொங்கவிட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். பழைய சைலன்சரை மாட்டிப் பார்க்காமல் வேறு எதையும் சோதிக்காதீர்கள்.

18. எல்லாம் பார்த்தாச்சு, பிளக், ஃபில்டர், பம்ப், சென்சார் எல்லாம் சரி. இன்னும் இழுவை வரல.

இனி இன்ஜினின் உள்பக்கம். முதலில் டேப்பெட். இன்ஜின் முழுசாக ஆறியிருக்க வேண்டும், பிஸ்டன் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் மேலே நிற்க வேண்டும். பல வண்டிகளில் இன்லெட் 0.1 மில்லிமீட்டர் சுற்றி, எக்ஸாஸ்ட் அதைவிடக் கொஞ்சம் அதிகம். சத்தம் போடும் டேப்பெட்டை எல்லோரும் சரிசெய்வார்கள். சத்தமே போடாத டைட் டேப்பெட்தான் ஆபத்து. சூடானால் வால்வு நீண்டு, முழுசாக மூடாமல், கம்ப்ரஷன் கசிந்து, வால்வே எரியும். காலையில் நன்றாக ஓடிச் சூட்டில் ஐடிலிங் விழும் வண்டியில் இதைப் பார்க்காமல் விடாதீர்கள்.

அடுத்து கம்ப்ரஷன். இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றி, பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜ் மாட்டி, த்ராட்டிலை முழுசாகத் திறந்து, 5 செகண்ட் செல்ஃப் அடித்து கேஜ் காட்டும் எண்ணைக் குறியுங்கள். பிறகு பிளக் துளையில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி. எண் நன்றாக ஏறினால் ரிங், போர், ஏறாவிட்டால் வால்வு. தானியங்கி டிகம்ப்ரஷன் (ஸ்டார்ட் செய்யும்போது அழுத்தத்தைக் கொஞ்சம் விடும் அமைப்பு) உள்ள இன்ஜின்களில் எண் குறைவாகவே வரும், அவற்றுக்கு சிலிண்டருக்குள் காற்றடித்துக் கசிவை அளக்கும் லீக்டவுன் டெஸ்ட்தான் நம்பகமானது.

கடைசியாகக் கேட்டலிடிக் கன்வெர்டர், அதாவது சைலன்சருக்குள் புகையைச் சுத்தப்படுத்தும் பாகம். ஆயில் குடித்த இன்ஜினில் அது அடைக்கும். ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளை திறந்திருக்க, கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள். மேல் ஆர்பிஎம் திரும்பினால் கன்வெர்டர் அடைத்திருக்கிறது. துளையிலிருந்து வரும் அனல் ஒயரைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; சோதனைக்குப் பின் பதிவாகும் கோடை அழித்துவிடுங்கள்.

19. ஊட்டி போனா மட்டும் இழுக்கல. இதுக்கு என்ன பண்ணணும்?

ஒன்றும் பண்ண வேண்டாம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். சென்னையில் 100 கிலோபாஸ்கல் காட்டும் இன்டேக் சென்சார் அங்கே கீ ஆனில் 78 சுற்றிக் காட்டும். காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைவு, சக்தியும் ஏறக்குறைய அவ்வளவு குறையும். எஃப்.ஐ. கலவையைத் திருத்தும், இல்லாத காற்றை உண்டாக்காது. அங்கே போயும் 100 என்றே காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. மலையில் கறுப்புப் புகை வந்தால் இதைப் பாருங்கள்.

20. இசியூ போயிடுச்சு, மாத்தணும்னு சொல்றாங்க. உண்மையா இருக்குமா?

இருக்கலாம், ஆனால் மிக அரிது. கையெழுத்துப் போடும் முன் மூன்று அளவு கேளுங்கள். இசியூவின் பவர் பின்னில் கீ ஆனில் பேட்டரி வோல்டேஜ் வருகிறதா? அதன் எர்த் பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே, இன்ஜின் ஓடும்போது 0.1 வோல்ட்டுக்குள் இருக்கிறதா? சென்சார்களுக்கு அது அனுப்பும் வோல்டேஜ் சரியாக 5 இருக்கிறதா?

அந்த 5 வோல்ட் இல்லாவிட்டாலும் இசியூவைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள். த்ராட்டில், இன்டேக் அழுத்தம் இரண்டும் பெரும்பாலும் ஒரே 5 வோல்ட்டைப் பங்குபோடுகின்றன. ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால் எல்லாம் சேர்ந்து விழும்; ஒரே நேரத்தில் மூன்று நான்கு கோடு வரும், பார்க்கிறவருக்கு இசியூ செத்ததுபோலத் தோன்றும். கீயை ஆஃப் செய்து ஒரு சென்சார் கனெக்டரைக் கழற்றுங்கள், கீ போட்டு 5 வோல்ட்டை அளந்து பாருங்கள். வரவில்லையென்றால் அடுத்ததைக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 திரும்புகிறதோ அந்தச் சென்சாரை மாற்றினால் போதும். எல்லாவற்றையும் கழற்றியும் 5 வராமல், அந்த ஒயர் எங்கும் வண்டியின் உலோகத்தில் உரசாமல், பவரும் எர்த்தும் சரியாக இருந்தால், அப்போது இசியூவை மாற்றுங்கள்.